லிஃப்ட் விழுந்த அத்தியாயம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் இருந்தவர்கள் மொத்தம் இவர்கள்தான்: வீட்டுக்கு மூத்தவர், அவர் மனைவி, மூத்தவரின் தம்பி, தம்பியின் மனைவி, நிறுவனத்தின் தலைமை மெக்கானிக்கான மூத்தவரின் மகன், ஊரே ஜெனரேட்டர் என்று அழைக்கும் மூத்தவர் மனைவியின் தம்பி, கடைசியாக, தம்பியின் மகள் குட்டி. வேறு யாரும் இல்லை. தாங்களும் உள்ளே இருந்ததாகப் பின்னால் பலர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அவர்களெல்லாம் கீழே பட்டறையில் இருந்தவர்கள். படிக்கட்டு வழியாகச் சத்தம் கேட்டிருக்கலாம். அதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

மேசை நடுவில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஒரு புத்தகம் வைக்கப்பட்டிருந்தது.

இந்த வீட்டில் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்தால் அது பழுது விசாரணை. குடும்பத் தொழில் லிஃப்ட் பராமரிப்பு. மூத்தவரின் அப்பா தொடங்கியது. ஊரின் பழைய கட்டடங்களின் லிஃப்ட்டுகளில் பாதிக்குமேல் அவர்கள் பொறுப்பில்தான் ஏறி இறங்குகின்றன. ஒவ்வொரு லிஃப்ட்டுக்குள்ளும் பொத்தான்களுக்கு மேலே சின்னதாக ஒரு பித்தளைத் தகடு. அதில் குடும்பப் பெயர். எங்காவது ஒரு பாகம் உடைந்தால் அதைக் கழற்றிக் கொண்டுவந்து, துடைக்காமல் துணிமேல் வைப்பார்கள். எல்லோரும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மூத்தவர் முதலில் பேசுவார். மற்றவர்கள் வரிசையாகப் பேசுவார்கள். உடைவதற்கு முன் கடைசியாக அந்தப் பாகத்தில் கை வைத்தவர் யாரோ அவர் எல்லோருக்கும் பிறகுதான் வாய் திறக்கலாம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுபவனை முதலில் பேசவிட்டால் பழுது பேச்சுக்குள் ஒளிந்துகொள்ளும் என்பது அப்பாவின் எண்ணம். முடிவை மூத்தவர் சொல்வார். சொன்ன பிறகு வீட்டுக்கு வெளியே எல்லோருக்கும் அதுதான் பேச்சு. மாற்றிப் பேசக் கூடாது.

அந்தத் துணிமேல் எரிந்த மோட்டார் காயில், வளைந்த போல்ட், தேய்ந்த பிரேக் கட்டை எல்லாம் இருந்திருக்கின்றன. ஒருமுறை தம்பி மனைவி வாங்கிவந்த மிக்ஸிகூட இருந்தது. நாவல் இதுதான் முதல் தடவை.

நாவலின் பெயர் ‘உச்சிக்குப் போகும் பெட்டி’. இளையோருக்கான அறிவியல் புனைகதை என்று அட்டையிலேயே போட்டிருந்தது. கத்தரிப்பூ நிற வானம், முடிவே தெரியாத கோபுரம், அதன் அடியில் அண்ணாந்து நிற்கும் பிள்ளைகள். கீழே குட்டியின் பெயர். அதை ஒட்டி, அதே அளவு எழுத்தில், குடும்பப் பெயர்.

குட்டி என்றதும் பள்ளிக்கூடம் போகிற பெண் என்று நினைத்துவிடக் கூடாது. படிப்பை முடித்து, நிறுவனத்தின் அவசரத் தொலைபேசியில் வேலை பார்க்கிறவள். லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மணியை அழுத்தினால் எடுப்பது அவள்தான். மெக்கானிக் போய்ச் சேரும் வரை உள்ளே இருப்பவர்கள் பயந்துவிடாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அந்த வேலையில் இருந்தபோது “பயப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்காங்க” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். குட்டி கதை சொன்னாள். ஒருமுறை மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கப் பார்த்தபோது உள்ளேயிருந்து ஒரு பெண்மணி, “கொஞ்சம் இருப்பா, முடியப்போகுது” என்று அதட்டினாளாம். இதைப் பற்றி மூத்தவருக்குப் பெருமையா எரிச்சலா என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

அந்தக் கதைகள்தான் நாவலாகியிருந்தன. முதல் பதிப்பு தீர்ந்துவிட்டது. இரண்டாம் பதிப்பில் மாற்றம் ஏதாவது உண்டா என்று பதிப்பகம் கேட்டிருந்தது. மூத்தவருக்கு ஒரே ஒரு மாற்றம்தான் வேண்டியிருந்தது. அட்டையிலிருந்து குடும்பப் பெயரை எடுத்துவிட வேண்டும்.

விஷயம் இரண்டு வாரங்களுக்கு முன்னால் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் தொடங்கியது. மாதாந்திரச் சோதனைக்குப் போன மூத்தவர் லிஃப்ட்டில் ஏறினார். உள்ளே இரண்டு பள்ளி மாணவிகள். ஏறும்போது அவர் வழக்கம்போல் உள்ளங்கையைச் சுவரில் பதித்து மோட்டார் ஓசையைக் கவனித்தார். வழக்கம்போல், “கதவு பக்கத்துல நிக்காதீங்க” என்றார். மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள். பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, இறங்கும் வரை சிரித்தார்கள். ஒருத்தி பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, அட்டையில் இருந்த பெயரையும் பொத்தான்களுக்கு மேலே இருந்த பித்தளைத் தகட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இன்னொரு சிரிப்பு.

மூத்தவர் வாழ்க்கையில் பலர் அவரைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள், சிலர் முறைத்திருக்கிறார்கள். சிரித்தவர்கள் கிடையாது.

அன்றே வீட்டிலிருந்த புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். வீட்டில் அல்ல. வீட்டில் நாவல் படித்தார் என்ற பேச்சு வரக் கூடாது. கட்டடங்களின் மொட்டைமாடி மோட்டார் அறைகளில், உதிரிபாக விலைப் பட்டியலுக்குள் வைத்துப் படித்தார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் படித்தார். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் அந்தப் பிள்ளைகள் தளபதியின் சாவியைத் திருடப் போன இடத்தில், டீ ஆறிப்போனதை அவர் கவனிக்கவில்லை. ஆறாம் அத்தியாயத்தில் எண்ணெய் போட வந்ததை மறந்துவிட்டு, போடாமலே கீழே இறங்கி, திரும்பவும் ஏறினார். இதற்காகவும் சேர்த்துத்தான் அவருக்குக் குட்டிமேல் கோபம். பிடிக்காத புத்தகமாக இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

இப்போது கூடத்தில் புத்தகம் கை மாறிக்கொண்டிருந்தது. தம்பி அதைப் பக்குவமாக வாங்கி, திறக்காமல் மனைவியிடம் கொடுத்தார். தம்பி மனைவி மார்போடு ஒருமுறை சேர்த்துக்கொண்டு அடுத்தவரிடம் நீட்டினாள். மூத்தவர் மகன் முதுகுத் தையலை அழுத்திப் பார்த்து, “பைண்டிங் பரவாயில்லை” என்றான். புத்தகம் துணிமேல் திரும்பியதும் மூத்தவர் தொண்டையைச் செருமினார்.

“பழுது ரெண்டு,” என்றார். “ஒண்ணு, தளபதி. ரெண்டு, லிஃப்ட் விழுந்தது.”

புத்தகத்தைப் படிக்காதவர்களுக்காக: வருங்காலத்தில் ஒரு கோபுரம். கீழ்த் தளங்களில் பிறந்தவர்கள் கீழேயே கிடந்து சாக வேண்டும். உச்சியில் வேறொரு கிரகத்துக்குப் போகும் கப்பல் காத்திருக்கிறது. மேலே போக இருப்பது ஒரே ஒரு லிஃப்ட். அதன் சாவி தளபதி கையில். அவன் சிரிக்க மாட்டான், வளைந்துகொடுக்க மாட்டான், அவன் உத்தரவில்லாமல் ஒரு பொத்தானும் எரியாது. பதிமூன்று பிள்ளைகள் அவனை ஏமாற்றி லிஃப்ட்டில் ஏறிவிடுகிறார்கள். பாதி வழியில் தளபதி கம்பி வடத்தை அறுக்கச் சொல்கிறான். லிஃப்ட் விழுகிறது.

“இந்த வீட்டுப் பேரைப் போட்டு, லிஃப்ட்டை விழவெச்சிருக்கா,” என்றார் மூத்தவர். “எங்கப்பா காலத்துலேர்ந்து நம்ம லிஃப்ட் நின்னிருக்கு, ஆடியிருக்கு, கதவு மாட்டியிருக்கு. விழுந்தது உண்டா?”

“இல்லை அண்ணா,” என்றார் தம்பி. தம்பி பேசுகிற வார்த்தைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும்தான்.

“அப்பா, அது விண்வெளி லிஃப்ட்,” என்றான் மகன்.

“எந்த வெளியா இருந்தா என்னடா? வடம் அறுந்தா வேகத்தைப் பார்க்கற கவர்னர் இழுக்கணும், ரெண்டு பக்கமும் கவ்விகள் பெட்டி ஓடற ரெயிலைப் பிடிக்கணும். வேற கிரகத்துக்குக் கப்பல் விடத் தெரிஞ்சவனுக்கு ஒரு கவ்வி மாட்டத் தெரியாதா?”

குட்டி மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தாள். அவள் முறை கடைசியில்தான்.

“சரி, அதை விடுங்க,” என்றாள் தம்பி மனைவி. “தளபதிங்கறது என்ன பழுது?”

மூத்தவர் துணியின் மடிப்பை நீவினார். உண்மையில் இந்த விசாரணையே அதற்காகத்தான். குட்டி இந்த வீட்டில், அவர் கண் முன்னால் வளர்ந்தவள். அவள் முதல் தடவை அவசரத் தொலைபேசியை எடுத்த அன்று அவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ஒன்றும் பேசாமல். அவளுக்கு அவர் அப்படிப்பட்டவராகவா தெரிகிறார்? பிள்ளைகள் இருக்கிற லிஃப்ட்டின் வடத்தை அறுக்கச் சொல்கிறவராக? இதைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் இதைக் கேள்வியாகக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அதனால் துணி விரித்தார்.

“படிச்ச எல்லாருக்கும் அது யாருன்னு தெரியும்,” என்றார். “பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கே தெரியுது.”

“தெரியும் அத்தான், தெரியும்,” என்று ஜெனரேட்டர் முன்னால் நகர்ந்தார். கரண்ட் போனதுபோல் கூடம் அமைதியானால் தானாக ஓட ஆரம்பிப்பவர் அவர்; நிறுத்துகிற சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அக்காவுக்கே தெரியாது. “நீங்க தப்பா நினைக்கக் கூடாது. குட்டிமேலயும் கோபப்படக் கூடாது. அந்தத் தளபதி நான்தான்.”

“நீயா?”

“நான்தான். மீசையைப் பாருங்க. ‘கத்தி மாதிரி ரெண்டு பக்கமும் நிமிர்ந்த மீசை’ன்னு எழுதியிருக்கா. இந்த வீட்டுல வேற யாருக்கு மீசை? தளபதி பேச ஆரம்பிச்சா விளக்கெல்லாம் மங்குதாம். யாரைச் சொல்றா? எனக்கு வருத்தமே இல்லை. நடைப்பயிற்சிக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன். நேத்து பஸ் ஸ்டாப்புல ஒரு பையன் எனக்கு சல்யூட் அடிச்சான்.”

இந்த இடத்தில் மூத்தவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கொடியவன் மைத்துனன் என்றால் இவருக்குக் கவலை தீர்ந்தது. நியாயமாகப் பார்த்தால் துணியைச் சுருட்டிவிட்டு எழுந்திருக்கலாம். அப்படித்தான் தம்பி நினைத்து, எழுந்திருக்கப் பாதி தயாராகியும் விட்டார்.

“உட்கார்,” என்றார் மூத்தவர். பிறகு மைத்துனரைப் பார்த்துத் திரும்பினார். “தளபதி உள்ளே வந்தா எல்லாரும் எழுந்து நிக்கறாங்கன்னு எழுதியிருக்கு. நீ வந்தா யாராவது எழுந்திருக்காங்களா?”

“எழுந்து போவாங்க,” என்றான் மகன்.

“டேய்!”

“சும்மா சொன்னேன் மாமா.”

“தளபதி ஒருதடவைகூடப் பொய் சொல்லலை,” என்று தொடர்ந்தார் மூத்தவர். குரலில் ஒரு சூடு ஏறியிருந்தது. “அவனுக்கு அதிகாரம் இருந்தும் தன் சாப்பாட்டைத் தானே கொண்டுவரான். யாரையும் நம்பாம ராத்திரி பகல்னு பார்க்காம மோட்டாரைத் தானே போய்ப் பார்க்கறான். இதெல்லாம் நீ செய்வியா? பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போய் மூணு வேளையும் சாப்பிட்டு வர்றவன் நீ.”

“அது அழைப்பு அத்தான்.”

“சரி, அவன் ஏன் பிள்ளைங்களை மேலே விட மாட்டேங்கறான்? ரெண்டாம் அத்தியாயத்துலயே இருக்கு. அந்தப் பெட்டி எட்டுப் பேர் தாங்கற பெட்டி. பதிமூணு பேர் ஏறறாங்க. நானா இருந்தாலும் நிறுத்தித்தான் இருப்பேன். யார் செஞ்சது தப்பு?”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். காலையில் தளபதியைத் துணிமேல் பழுதாக வைத்தவர், இப்போது தளபதிக்கு வக்கீலாக நின்றுகொண்டிருந்தார். அது அவருக்கும் ஒரு கணம் உறைத்தது. ஆனால் பாதி வழியில் இறங்குகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

“மீசையை வெச்சு ஆளைத் தீர்மானிக்கக் கூடாது,” என்று முடித்தார். “அந்தத் தளபதி என்னைப் பார்த்து எழுதினது. அதுதான் குற்றச்சாட்டு.”

“குற்றச்சாட்டா, விண்ணப்பமா?” என்றாள் தம்பி மனைவி, யாருக்கும் கேட்காது என்ற நம்பிக்கையில். எல்லோருக்கும் கேட்டது.

அதுவரை பேசாமல் இருந்த மூத்தவரின் மனைவி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய முறை வந்திருந்தது.

“ஏங்க, நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?”

“எல்லாம் படிச்சேன்.”

“எதுவரைக்கும்?”

மூத்தவர் புத்தகத்தைப் பார்த்தார். “லிஃப்ட் விழற வரைக்கும்.”

“அப்புறம்?”

“விழுந்த லிஃப்ட்டுல அப்புறம் என்ன இருக்கும்? மூடி வெச்சுட்டேன்.”

“அதுக்கு அப்புறம் இன்னும் நாலு அத்தியாயம் இருக்கு,” என்றார் மனைவி. “நான் ரெண்டு தடவை படிச்சாச்சு.”

பழுது விசாரணையில் அப்பா வைத்த முதல் விதி ஒன்று உண்டு. மற்ற விதிகளெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. முழுதாகக் கழற்றிப் பார்க்காமல் துணிமேல் வைக்கக் கூடாது. அந்த விதியை மீறியதற்காக மூத்தவர் சொந்தத் தம்பியை ஒருமுறை பட்டறையில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்திருக்கிறார். தம்பி இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மரியாதையாக.

“நீ படிச்சியா?” என்று மூத்தவர் மைத்துனரிடம் பாய்ந்தார்.

“தளபதி வர்ற இடமெல்லாம் படிச்சேன்.”

“நீ?”

“என் பொண்ணு பேரு அட்டையில இருக்கு அண்ணா,” என்றார் தம்பி. “அதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். உள்ளே போகலை.”

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான். தம்பி மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பெயரை எடுக்கச் சொல்ல வந்த மூத்தவருக்கு அந்த வாக்கியம் எங்கோ நெஞ்சுக்குள் முட்டியது. அவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

“குட்டி,” என்றார். “உன் முறை. விழுந்த இடத்துலேர்ந்து படி.”

குட்டி புத்தகத்தைத் துணியிலிருந்து எடுத்தாள். அவசரத் தொலைபேசியில் பேசுகிற குரல்தான்; அவசரமில்லாத, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற குரல்.

அந்த லிஃப்ட்டுக்குள் டிங்கு என்று ஒரு பழைய இயந்திரம் உண்டு. கதவைப் பார்த்துக்கொள்வதற்காக எப்போதோ மாட்டியது. புது மாடல்கள் வந்த பிறகும் யாரும் கழற்றவில்லை. தகர உடம்பு, ஒரு பக்கம் நசுங்கியது. யார் என்ன கேட்டாலும் அதற்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்: கதவருகே நிற்காதீர்கள். காதலைச் சொன்னாலும் அதுதான், வழி கேட்டாலும் அதுதான். பிள்ளைகள் அதன் தலையில் ஒரு காலுறையை மாட்டிவிட்டுக் கதை முழுக்கக் கேலி செய்கிறார்கள். மூத்தவர் அதை நன்றாகக் கவனித்திருந்தார். மோட்டார் அறையில் தனியாக இருக்கும்போது இரண்டு இடங்களில் சிரித்தும் இருந்தார். அந்தப் புத்தகத்தில் தன் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரே நல்ல பாத்திரம் அது என்று நினைத்திருந்தார்.

வடம் அறுகிறது, லிஃப்ட் விழுகிறது, பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். குட்டி படித்தாள். டிங்கு தன் இடத்தைவிட்டு முதல் தடவையாக நகர்ந்தது. கதவைப் பிளந்து தன் இரண்டு தகரக் கைகளையும் வெளியே நீட்டியது. ரெயிலைப் பிடித்தது. பொறி பறந்தது. லிஃப்ட் கதறியது, இழுத்தது, இன்னும் இழுத்தது, நின்றது. இருட்டில் ஒரு பிள்ளை அழுதுகொண்டே கதவை நோக்கி வந்தபோது, நசுங்கிப்போன ஒரு குரல் சொன்னது: கதவருகே நிற்காதீர்கள்.

குட்டி நிறுத்தினாள். தம்பி மனைவி மூக்கை உறிஞ்சினாள். ஜெனரேட்டருக்கே சத்தம் இல்லை.

“ரெயிலை ஒரு பக்கம் பிடிச்சுதா, ரெண்டு பக்கமுமா?” என்று கேட்டார் மூத்தவர்.

“ரெண்டு பக்கமும் பெரியப்பா.”

“ஒரே நேரத்துலயா?”

“ஒரே நேரத்துல. ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா பெட்டி சாஞ்சுடுமே.”

“ம்,” என்றார். பிறகு, “அப்போ லிஃப்ட் விழலை. நழுவியிருக்கு.”

“நழுவியிருக்கு.”

“ஆனா ரொம்ப தூரம் விட்டுட்டே. இவ்வளவு தளம் இறங்கற வரைக்கும் கவ்வி காத்திருக்காது. அடுத்த பதிப்புல குறைச்சுடு.”

“முடியாது பெரியப்பா. உடனே நின்னுட்டா அவங்க எதுக்குப் பயப்படணும்?”

இந்த வீட்டில் விசாரணையின்போது மூத்தவரிடம் யாரும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. மகன் நாற்காலியை ஓசைப்படாமல் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான். மூத்தவரோ அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் மனம் வேறிடத்தில் இருந்தது. கேட்க வேண்டியதை இனியும் சுற்றிக் கேட்க முடியாது.

“இந்தத் தளபதி எங்கேயிருந்து வந்தான்?”

“எங்கேயிருந்தும் வரலை. கதைக்கு ஒரு கெட்டவன் வேணும்னாங்க. போன்ல என்னைத் திட்டறவங்க எல்லாரையும் சேர்த்துப் பிசைஞ்சேன். மீசை மட்டும்…” குட்டி தயங்கினாள். “மீசை மட்டும் மாமாவோடது.”

“சொன்னேனா இல்லையா!” என்று ஜெனரேட்டர் தொடையில் தட்டினார். “மருமகளே, நீ நல்லா இருக்கணும்!”

“அப்போ அது நான் இல்லை.”

“இல்லை பெரியப்பா. நீங்க எப்படி அதுவா இருக்க முடியும்?”

கேட்க விரும்பிய பதில் இதுதான். இரண்டு வாரமாக இறங்காமல் இருந்த சோறு இனிமேல் இறங்கும். மூத்தவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் அழகாக முடிந்திருக்கும்.

“அப்போ நான் இந்தப் புத்தகத்துலயே இல்லையா?”

கேட்ட பிறகுதான் கேட்டது அவருக்கே தெரிந்தது. குட்டி மேசையைப் பார்த்தாள். தம்பி மறுபடியும் கூரையைப் பார்த்தார். தம்பி மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மகன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றான்; தோள் குலுங்கியது. மூத்தவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கடைசியில் மனைவியிடம் வந்து சேர்ந்தார்.

“இருக்கீங்க,” என்றார் மனைவி. “முதல் அத்தியாயத்துலேர்ந்து இருக்கீங்க.”

லிஃப்ட்டில் சிரித்த அந்த இரண்டு மாணவிகளும் மூத்தவருக்கு அப்போதுதான் புரிந்தார்கள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏற்கெனவே நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். அதற்குமேலும் நிமிர முடியும் என்பதை மற்றவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

“அந்தத் தகர டப்பாவா?”

“முதல்ல விளையாட்டாத்தான் எழுதினேன் பெரியப்பா,” என்றாள் குட்டி. குரல் இப்போது தொலைபேசிக் குரல் இல்லை. “அப்புறம் பதிப்பகத்துல, கடைசியில டிங்குவை உடைச்சுடுங்க, படிக்கறவங்க அழுவாங்கன்னு சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். புத்தகமே வேண்டாம்னா பரவாயில்லைன்னேன். டிங்கு இல்லைன்னா அந்தப் பிள்ளைங்க யாரும் மேலே ஏறவே மாட்டாங்க. எனக்கு அப்படித்தான் தோணிச்சு.”

மூத்தவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். மகன் அவசரமாக நகர்ந்து இடம் விட்டான். கீழே பட்டறை வாசலில் லிஃப்ட்டைச் சமன்செய்யும் ஒரு பழைய எதிரெடையை இரண்டு பேர் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டார்கள். மூத்தவர் இரண்டு முறை இருமினார். இருமல் நியாயமான இருமலாகத்தான் இருந்தது. பட்டறையில் புகை வேறு.

தகரம். காலுறை. ஒரே வாக்கியம். ஒரு குடும்பத்தின் தலைவர், ஊரில் பாதிக் கட்டடங்களின் பொறுப்பைச் சுமக்கிறவர், தலையில் காலுறையோடு பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்க நிற்பதா? தளபதி கெட்டவன்தான். ஆனால் அவனுக்கு பூட்ஸ் இருந்தது. அவன் வந்தால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. மறுபக்கம், அந்தத் தகரக் கைகள் ரெயிலைப் பிடித்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரே நேரத்தில், இரண்டு பக்கமும். எதை விழுங்குவது, எதைத் துப்புவது என்று முடிவு செய்ய அவருக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது.

திரும்பி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். முடிவைச் சொல்லும்போது நின்றுதான் சொல்வார்.

“லிஃப்ட்டுல பழுது இல்லை. நழுவியிருக்கு, நின்னுருக்கு. பேர் அட்டையில இருக்கட்டும்.”

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். குட்டி எழுந்து பெரியப்பாவின் பக்கம் ஒரு அடி வைத்தாள்.

“இரு, முடிக்கலை. தளபதி நான்தான்.”

“பெரியப்பா, நான்தான் சொன்னேனே…”

“நீ எழுதினே. முடிவு சொல்றது நான். வெளியே யார் கேட்டாலும் தளபதி இந்த வீட்டு மூத்தவர். இதை யாரும் மாத்திப் பேசக் கூடாது.”

“அத்தான், மீசை?” என்றார் ஜெனரேட்டர், உடைந்த குரலில்.

“மீசை உனக்கு. மத்ததெல்லாம் எனக்கு.”

மனைவி துணியை மடித்தார். மடிக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு ஏதும் இல்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விசாரணை முடிந்தது. புத்தகத்தை மூத்தவரே எடுத்துக்கொண்டார், மீதி அத்தியாயங்களைச் சரிபார்க்க.

இரண்டாம் பதிப்பு வந்தது, குடும்பப் பெயரோடு. அதன்பிறகும் மூத்தவர் மாதாந்திரச் சோதனைக்குப் போகிறார். பள்ளிப் பிள்ளைகள் ஏறினால் முன்னைவிட விறைப்பாக நிற்கிறார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு தளபதியைப் போல. கதவு மூடும்போது அவர் சொல்லும் முன்பே பிள்ளைகள் அந்த வாக்கியத்தைக் கோரஸாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர் கண்டுகொள்வதில்லை. ஜெனரேட்டர் குடும்ப முடிவை மதித்து, நடைப்பயிற்சியில் மீசையை மட்டும் முறுக்கிக் காட்டிவிட்டு வருகிறார்.

நாவலில் வரும் டிங்கு மூத்தவரைப் பார்த்து எழுதப்பட்டது என்றும், அதைத் தெரிந்துகொண்ட அன்று அவர் ஜன்னலோரம் நின்று அழுதார் என்றும் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. டிங்கு யாரையும் பார்த்து எழுதப்பட்டதல்ல. மூத்தவர் இருமினார். அவர்தான் தளபதி.